தயிர் சாதமும் அறுநூறு மீட்டரும்

எனக்கு விசில் ஊத வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் போன வருஷம் முழுக்க எட்டாம் வகுப்புக்கு நான்தான் பி.டி. டீச்சர். கணக்கு சொல்லிக்கொடுக்கிறவளை மைதானத்தில் இறக்கிவிட்டது யார் என்று கேட்பீர்கள். எங்கள் பள்ளியில் பிள்ளைகள் குறைவு. பிள்ளைகள் குறைந்தால் உடற்பயிற்சி ஆசிரியர் பதவி போய்விடும். பீரியடு மட்டும் டைம்டேபிளில் அப்படியே நிற்கும். அதை யார் தலையிலாவது கட்ட வேண்டும். தலைமையாசிரியை அந்த ஜூன் மாதம் ஸ்டாஃப் ரூமில் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். மற்றவர்கள் குனிந்து எதையோ மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் விவரம் கெட்டுப்போய் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் சொன்னதும் என் கணவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீயா? பஸ் கெளம்பிடுத்துன்னா அடுத்த பஸ்ஸுக்கு நிக்கறவளாச்சே நீ. ஒரு நாளாவது ஓடிப்போய்ப் பிடிச்சிருக்கியா?"

பிடித்ததில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் அக்ரகாரத் தெருவிலிருந்து கிழக்கேகோட்டை வரை நடந்து, அங்கே விழிஞ்ஞம் பஸ் ஏறி, வழியில் இறங்கினால் பள்ளி. நான் ஆயுசில் செய்த உடற்பயிற்சி அந்த நடைதான். அதுவும் குடை, கைப்பை, டிபன் பை மூன்றையும் தூக்கிக்கொண்டு.

ஆனால் பி.டி. பீரியடோடு எனக்கு முன்னாலேயே பழக்கம் உண்டு. இத்தனை வருஷமாக அதை இரவல் வாங்கித்தான் நான் பாடத்தை முடித்திருக்கிறேன். போர்ஷன் முடியவில்லையா, பரீட்சை வருகிறதா, "இன்னிக்கு பி.டி. பீரியடை நான் எடுத்துக்கட்டுமா சாரே" என்று ஒரு வார்த்தை. கணக்கு டீச்சர் கேட்டால் யாரும் மறுக்க மாட்டார்கள். இப்போது அந்தப் பீரியடே என்னுடையது, கேட்கவே வேண்டாம். அதனால் முதல் ஒரு மாதம் அந்த நேரத்திலும் கணக்குத்தான் போட்டேன். பிள்ளைகள் ஜன்னல் வழியாக மைதானத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். போர்டைப் பார் என்று அதட்டுவேன்.

ஒரு நாள் வகுப்பு முடிந்ததும் ஒரு பெண் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். உயரமாக, ஒல்லியாக, எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய தலையோடு இருப்பாள். விழிஞ்ஞம் கடற்கரைப் பக்கத்திலிருந்து வருகிறவள், மீன்பிடிக்கிற குடும்பம். கணக்கில் சுமார். மேஜை விளிம்பை நகத்தால் கீறிக்கொண்டே, "டீச்சரே, அடுத்த ஆழ்ச்சயெங்கிலும் கிரவுண்டில் விடுமோ?" என்று மலையாளத்தில் கேட்டாள். அடுத்த வாரமாவது வெளியே விடுவீர்களா என்று. அவள் குரலில் புகார் இல்லை. எனக்குத்தான் முகம் சுட்டது.

அடுத்த வாரம் விட்டேன். அன்றுதான் அவள் ஓடுவதைப் பார்த்தேன். எனக்கு ஓட்டத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் மற்றவர்கள் ஓடும்போது கையும் காலும் தனித்தனியாக என்னென்னவோ செய்துகொண்டிருந்தன. அவள் ஓடும்போது அப்படி இல்லை. சத்தமே வரவில்லை. மூன்றாவது சுற்றில் மற்ற எல்லாரும் மூச்சிரைக்க நடக்கத் தொடங்கியபோது அவள் மட்டும் அதே வேகத்தில் என்னைத் தாண்டிப் போனாள். நான் வேப்ப மர நிழலில் குடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அதன்பிறகு அந்தப் பீரியடில் நான் சாக்பீஸைத் தொடவில்லை. செல்போனில் வீடியோ பார்த்து, ஓடும் முன் எப்படி உடம்பைத் தளர்த்துவது, கையை எப்படி வீசுவது என்று எழுதிக்கொண்டு வருவேன். படித்துக் காட்டினால் அவளே மற்றப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டுவாள். விசிலையும் அவள்தான் ஊதுவாள். எனக்கு வேலை ஸ்டாப்வாட்சை அமுக்குவது. அதிலும் பல நாள் நிறுத்த மறந்துபோவேன். "டீச்சரே, இப்பழும் ஓடுந்நு" என்று என் கையைக் காட்டுவாள், இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்று. பிள்ளைகள் சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். நகரத்துக்கு வெளியே விளையாட்டு விடுதியோடு கூடிய ஒரு பள்ளி இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால் கோச் உண்டு, நல்ல டிராக் உண்டு, சாப்பாடும் அங்கேயே. அதற்கு ஆள் எடுக்கிறவர்கள் ஜில்லாப் போட்டிக்கு வருகிறவர்களைத்தான் பார்ப்பார்கள். ஜில்லாவுக்குப் போக உபஜில்லாவில் ஜெயிக்க வேண்டும். உபஜில்லா என்பது பக்கத்துப் பள்ளிகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் முதல் கட்டம். பதினாலு வயதுக்குள்ளே இருக்கிற பெண்களுக்கு அறுநூறு மீட்டர். அந்த வருஷத்தோடு அவளுக்கு அந்த வயது தாண்டிவிடும். அப்புறம் பெரிய பெண்களோடு ஓட வேண்டும். இதையெல்லாம் அவளே விசாரித்து வைத்திருந்தாள். எனக்கு அவள் சொல்லித்தான் தெரியும்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் விருந்தாளி "வேண்டாம்" என்றால் அதற்கு அர்த்தம் கிடையாது. முதல் தடவை சொல்வது மரியாதைக்கு. இரண்டாவது தடவை சொல்வது கூச்சத்துக்கு. அதற்குப் பிறகு இலையைக் கையால் மூடினால், விரல் இடுக்கு வழியாக ஒரு கரண்டி விழும். அப்படிப் பரிமாறுகிறவளுக்குத்தான் நல்ல பெயர். "வேண்டாம்னேன், அவளும் சரின்னுட்டா" என்று ஒருத்தியைப் பற்றிச் சொன்னால் அது பெரிய வசை. கல்யாண வீடுகளில் வருஷக்கணக்காகப் பேசுவார்கள். ஒரு தடவை என் கணவரின் ஆபீஸ் நண்பர் ஒருவர், மலையாளி, வீட்டுக்கு வந்தார். போதும் என்பதற்கு "மதி, மதி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் மாமியாரும் நானும் மாறி மாறிப் போட்டுக்கொண்டே இருந்தோம். கடைசியில் அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவர் போன பிறகு "பாவம், கூச்ச சுபாவம்" என்று மாமியார் சொன்னார். நானும் ஆமாம் என்றேன்.

போட்டி ஐப்பசி மழைக்காலத்தில் வந்தது. காலையில் நான் கிளம்பும்போது மாமியார் ஒரு பெரிய எவர்சில்வர் டப்பாவைக் கொடுத்தார். அவருக்கு அந்தப் பெண்ணைப் பற்றி நான் தினமும் சொல்வதுண்டு.

"தயிர் சாதம் பெசஞ்சிருக்கேன். பால் நெறைய விட்டிருக்கேன், புளிக்காது. ஓடற கொழந்தை, வெறும் வயத்தோட விடாதே, என்ன."

மாங்காய் இஞ்சி நறுக்கிப் போட்டு, கடுகும் மோர் மிளகாயும் தாளித்து, மேலே காரட்டைத் துருவி அவர் அழகாகத்தான் செய்திருந்தார். பஸ்ஸில் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உள்ளுக்குள் ஒரு பெருமை. இப்போது நினைத்தால் அந்தப் பெருமைதான் அதிகமாகக் குத்துகிறது. என்ன நினைத்தேன் தெரியுமா? எங்கள் அடுக்களையிலிருந்து, எங்கள் பாத்திரத்தில், கடற்கரைப் பெண் ஒருத்திக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் பாட்டனார் காலத்தில் நடக்குமா இது. நான் எவ்வளவு மாறிவிட்டேன். இப்படி என்னையே நான் மெச்சிக்கொண்டு போனேன். அந்தப் பெண்ணுக்குப் பசிக்கிறதா என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

மைதானத்தில் காலை மழையில் நீளம் தாண்டும் குழி குளமாகியிருந்தது. அறுநூறு மீட்டர் மத்தியானத்துக்கு மேல்தான் என்று பட்டியலில் போட்டிருந்தார்கள். நாங்கள் கேலரியின் கூரைக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்தோம். அவள் மார்பில் நம்பர் துணியைக் குத்திக்கொண்டு டிராக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டப்பாவைத் திறந்தேன்.

"வேண்டா டீச்சரே," என்றாள். ஓடிவிட்டு வந்து சாப்பிடுகிறேன் என்றும் சொன்னாள்.

"ஓடறதுக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருக்கே. ரெண்டு வாய் சாப்பிடு."

"வேண்டா டீச்சரே. ராவிலே கழிச்சதாணு." காலையில் சாப்பிட்டதாகச் சொன்னாள்.

எனக்கு அது கூச்சமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டுச் சாப்பாடு என்று தயங்குகிறாள் என்று நானே ஒரு கற்பனை செய்துகொண்டு, அந்தத் தயக்கத்தைப் போக்குவது என் கடமை என்று ஸ்பூனை அவள் கையில் திணித்தேன். அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சாப்பிட்டாள். "மதி" என்றபோது ஸ்பூனை நானே வாங்கி இன்னும் ஒரு வாய் அள்ளிக் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம்தானே இருக்கிறது, மிச்சம் வைக்காதே என்றேன். அவள் டப்பாவின் அடியை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள். நான் திருப்தியாக டப்பாவை மூடி, ஸ்பூனை வாங்கித் துடைத்தேன்.

அப்போதுதான் மைக்கில் அழைத்தார்கள். குழியில் தண்ணீர் வடியாததால் நீளம் தாண்டுவதைத் தள்ளிவைத்துவிட்டார்களாம். அறுநூறு மீட்டர், பெண்கள், நம்பர் குத்தியவர்கள் உடனே வரவும். அவள் எழுந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி படி இறங்கிப் போனாள்.

பெரிய டிராக்கில் ஒன்றரைச் சுற்று. முதல் சுற்றில் அவள் முன்னால்தான் இருந்தாள். எப்போதும் போலச் சத்தமில்லாமல் ஓடினாள். நான் எழுந்து நின்று கத்தினேன். என் வாழ்க்கையில் பொது இடத்தில் அப்படிக் கத்தியதில்லை. எதிர்ப்பக்க வளைவில் அவள் கை விலாவுக்குப் போனது. வேகம் குறைந்தது. ஒரு பெண் தாண்டினாள், இன்னொருத்தி தாண்டினாள். பிறகு அவள் நின்றாள். குனிந்தாள். டிராக்கின் நடுவில், எல்லாரும் பார்க்க, வாந்தி எடுத்தாள்.

நான் படிகளில் இறங்கி ஓடினேன். அன்றைக்கு நானும் ஓடினேன். புடவைக் கொசுவத்தைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது வேறு பள்ளிகளின் பி.டி. சார்கள் இரண்டு மூன்று பேர் அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் அவள் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். தரையில் வெள்ளைச் சோறும், காரட்டும், எங்கள் வீட்டுக் கடுகும் கிடந்தன.

"ஆரா இதினு சோறு கொடுத்தது?" என்று கேட்டார் ஒருவர். யார் இவளுக்குச் சோறு கொடுத்தது. அவர் கோபத்தில் கேட்கவில்லை. ஓட்டத்துக்கு முன்னால் ஒரு பிள்ளைக்கு யாராவது சோறு கொடுப்பார்களா என்ற ஆச்சரியம்தான் அவர் குரலில் இருந்தது.

என் வலது கையில் அந்த ஸ்பூன் இருந்தது. இறங்கி ஓடும்போது அதைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. முந்தானைக்குள் அதை மறைத்துக்கொண்டேன்.

அவள் வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். என்னைப் பார்க்காமல் அந்த ஆளிடம், "எனிக்கு விசந்நு, சாரே" என்றாள். எனக்குப் பசித்தது, சார்.

அவர் தலையில் அடித்துக்கொண்டு, ஓட வருகிறவளுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவளைத்தான் திட்டினார். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவ்வளவு நேரமும் நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரே வாக்கியம், "நான்தான் கொடுத்தேன்" என்று சொல்லியிருக்கலாம். மலையாளத்திலும் சொல்ல வரும், தமிழிலும் வரும். அந்தச் சாரைவிட வயதில் பெரியவள் நான். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் முன்னால் வாய் ஓயாமல் பேசுகிறவள். அங்கே ஒரு கடைக்குட்டி போல அவள் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தாள். நம்பர் துணியைக் கழற்றி மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்துக்கொண்டிருந்தாள். மன்னிப்புக் கேட்க எனக்கு ஆசைதான். ஆனால் கேட்க வாயைத் திறந்தால் வந்தது வேறு.

"நீ கண்டிப்பா வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே, மோளே."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் கோபம் இருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். நிஜமாகவே புரியாமல்தான் பார்த்தாள்.

"பறஞ்ஞல்லோ, டீச்சரே," என்றாள். சொன்னேனே, டீச்சர்.

அவள் இறங்க வேண்டிய இடம் வந்தது. "போயிட்டு வராம் டீச்சரே" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

வீட்டுக்கு வந்து டப்பாவைத் தேய்க்கப் போட்டேன். மாமியார் வந்து எட்டிப் பார்த்தார்.

"காலியா வந்திருக்கே. கொழந்தைக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுது," என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூடப் பிசைந்து தருவதாகச் சொன்னார். குழாயை முழுசாகத் திறந்துவிட்டு, பிசுக்கே இல்லாத டப்பாவை வெகுநேரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

ஜில்லாப் போட்டிக்கு வேறு பள்ளிப் பெண் போனாள். அதற்குப் பிறகும் எங்கள் பி.டி. பீரியடு நடந்தது. அவள் வந்தாள், ஓடினாள், விசில் ஊதினாள். என்னிடம் ஒரு வித்தியாசமும் காட்டவில்லை. ஸ்டாப்வாட்சை மறக்காமல் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். அதை அவள் கவனித்தாளா என்று தெரியாது.

இந்த வருஷம் அவள் ஒன்பதாம் வகுப்பு. பெரிய பெண்களோடு எண்ணூறு மீட்டர். நான்தான் கூட்டிப்போனேன், வேறு யாரும் வர முன்வரவில்லை. மாமியார் டப்பாவை நீட்டியபோது, இன்று வேண்டாம் என்று கைப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அவருக்கு மனத்தாங்கல். எனக்கு அவசரத்தில் காபிகூட இறங்கவில்லை.

அவள் நன்றாகத்தான் ஓடினாள். ஆனால் மற்றவர்கள் அவளைவிடத் தலை உயரம், இரண்டு பேர் அந்த விடுதிப் பெண்கள், கால்களே வேறு மாதிரி இருந்தன. ஐந்தாவதாக வந்தாள். விடுதிப் பெண்கள் இருவரும் ஒருத்தி தோளில் மற்றவள் கைபோட்டு நடந்து போவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போன வருஷம் அவள் ஜெயித்திருப்பாள் என்று நிச்சயமாகச் சொல்ல எனக்கு ஓட்டம் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

மத்தியானம் கேலரியில், கூட வந்த சின்னப் பெண்களை உட்கார வைத்துக்கொண்டு, அவள் தன் பையிலிருந்து டப்பாவை எடுத்தாள். ஏத்தம்பழம், அதாவது நேந்திரன் வாழைப்பழம், அவித்து, துண்டு போட்டுக் கொண்டுவந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் அதன் இனிப்பு வாசனை எனக்குப் பசியைக் கிளப்பியது. காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடவில்லை.

டப்பாவை முதலில் என்னிடம்தான் நீட்டினாள். "டீச்சரே, ஒரு கஷணம்?" ஒரு துண்டு.

"வேண்டாம்மா," என்றேன். நான் சொல்லவில்லை, பிறந்ததிலிருந்து பழகிய வாய் அதுவாகச் சொல்லிவிட்டது. சொல்லிவிட்டு, அவள் இன்னொரு தடவை கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"சரி டீச்சரே," என்றாள். டப்பாவைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்தாள்.